டிரோன் தாக்குதலும் பொதுமக்கள் சாவும்: டர்பனில் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

டர்பனின் சாட்ஸ்வொர்த்தில் சனிக்கிழமைத் தமிழ் வகுப்பு முடிந்ததும் பெற்றோர், தாத்தா பாட்டிகள், பெரிய பிள்ளைகள் என்று ஒரு கூட்டம் தேநீருக்கு நின்றுவிடும். சூடான், காசா, கோங்கோ என்று அந்த வாரச் செய்தி எதுவாக இருந்தாலும் பேச்சு டிரோனில் வந்து நிற்கும், சந்தேகங்களும் அநேகமாக அதே சந்தேகங்கள்தான். தனித்தனியாகச் சொல்லி அலுத்துப்போய் இதை எழுதினேன். கேட்டவர்கள் கேட்டபடியே கேள்விகளைப் போட்டிருக்கிறேன், கோபமாகக் கேட்டதையும் சேர்த்து. நான் வக்கீலும் இல்லை, பட்டாளத்துக்காரனும் இல்லை. சட்டம் சொல்வது எது, என் அபிப்பிராயம் எது என்று முடிந்தவரை பிரித்துக் காட்டியிருக்கிறேன்.

டிரோன் என்றால் கல்யாணத்தில் வீடியோ எடுக்கிறார்களே, அதுவா?

பெயர்தான் ஒன்று. இந்தப் பக்கத்தில் பேசப்போவது பெரும்பாலும் அமெரிக்காவின் ரீப்பர் போன்றவற்றைப் பற்றி. இறக்கையின் ஒரு நுனியிலிருந்து மறு நுனி வரை சுமார் 20 மீட்டர் இருக்கும், ஒரு நாளுக்கு மேல்கூட இறங்காமல் பறக்கும், ஹெல்ஃபயர் ஏவுகணையும் குண்டும் சுமக்கும். உள்ளே ஆள் கிடையாது. நெவாடா மாநிலத்தில் கிரீச் விமானப்படைத் தளத்தில் ஒரு விமானியும் கேமராவைக் கவனிக்கும் ஒருவரும் திரைக்கு முன் உட்கார்ந்து, செயற்கைக்கோள் வழியாக, பாதி உலகத்துக்கு அப்பால் அதை ஓட்டுவார்கள்.

உக்ரைனில் பார்க்கிற சிறிய டிரோன்கள் வேறு கதை. அங்கே இரண்டு ராணுவங்கள் நேருக்கு நேர் நிற்கின்றன. இங்கே கேள்வி, போர் அறிவிக்கப்படாத ஊர்களில் "பயங்கரவாதி" என்று ஒருவரைத் தேர்ந்தெடுத்துக் கொல்வதைப் பற்றியது.

இதை ஒபாமாதானே ஆரம்பித்தார்?

இல்லை. 2001 அக்டோபரில் ஆப்கானிஸ்தானில் பிரிடேட்டர் டிரோன் முதல் ஏவுகணையை வீசியபோது புஷ் ஜனாதிபதி. போர்க்களத்துக்கு வெளியே முதல் கொலை 2002 நவம்பரில் ஏமனில் நடந்தது, பாகிஸ்தானில் முதல் தாக்குதல் 2004 ஜூனில். ஒபாமா காலத்தில் எண்ணிக்கை பல மடங்கு ஏறியது, பாகிஸ்தானில் 2010தான் உச்சம். அவருக்குப் பின் வந்தவர்களும் நிறுத்தவில்லை.

இன்று இது அமெரிக்க விஷயம் மட்டுமில்லை. துருக்கியின் பைரக்தாரும் சீனாவின் விங் லூங் டிரோனும் ஆப்பிரிக்காவில் பல ராணுவங்களிடம் இருக்கின்றன. நம் கண்டத்தில் நடப்பதை நம் செய்திகளே கடைசிப் பக்கத்தில் தள்ளிவிடுவதால் பலருக்கு இது தெரிவதில்லை.

விமானத்திலிருந்து குண்டு போட்டாலும் சாவு, டிரோனில் போட்டாலும் சாவு. என்ன பெரிய வித்தியாசம்?

செத்தவருக்கு ஒரு வித்தியாசமும் இல்லை. சட்டத்துக்கும் பெரிதாக இல்லை: கண்ணிவெடியைத் தடைசெய்த மாதிரி டிரோனைத் தடைசெய்யும் ஒப்பந்தம் எதுவும் கிடையாது. பிரிட்டோரியா பல்கலைக்கழகச் சட்டப் பேராசிரியர் கிறிஸ்டாஃப் ஹெய்ன்ஸ், ஐ.நா.வின் சிறப்பு அறிக்கையாளராக 2013ல் பொதுச்சபைக்குக் கொடுத்த அறிக்கையிலும், டிரோன் தன்னளவில் சட்டவிரோத ஆயுதம் அல்ல என்றுதான் சொன்னார்.

வித்தியாசம், தாக்க முடிவெடுக்கிறவருக்கு ஆகும் செலவில் இருக்கிறது. விமானி சுடப்பட்டால் உடல் பெட்டியில் ஊர் திரும்பும், தாய் அழுவாள், தொலைக்காட்சி காட்டும், நாடாளுமன்றத்தில் கேள்வி வரும். டிரோன் விழுந்தால் இரும்பு விழுந்தது, அவ்வளவுதான். அதனால் முன்பெல்லாம் "இதற்காகப் போருக்குப் போவதா" என்று யோசித்த இடத்தில் இப்போது யோசிக்காமல் அடிக்கலாம். மணிக்கணக்கில் வானில் நின்று பார்க்க முடிவதால் கவனமாக இருக்கவும் அதே இயந்திரம் வாய்ப்பு தருகிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும். இரண்டும் உண்மை.

அவ்வளவு துல்லியமாக அடிக்கும் என்கிறார்கள், அப்புறம் ஏன் சாதாரண ஜனங்கள் சாகிறார்கள்?

ஏவுகணை குறி தவறுவது அபூர்வம். குறி வைத்த ஆள் தவறான ஆளாக இருப்பதுதான் வழக்கமான கதை. 2021 ஆகஸ்ட் 29 அன்று காபூலில் ஒரு வெள்ளை டொயோட்டா கொரோலாவைச் சுமார் எட்டு மணி நேரம் டிரோன்கள் பின்தொடர்ந்தன. அதை ஓட்டியவர் ஒரு அமெரிக்க உதவி நிறுவனத்தின் ஊழியர். காரில் அவர் ஏற்றியது தண்ணீர்க் கேன்கள், மேலிருந்து பார்த்தவர்களுக்கு அது வெடிமருந்து. வீட்டு வாசலில் கார் வந்து நின்றதும் ஏவுகணை வந்தது. செத்தது பத்துப் பேர், அதில் ஏழு பேர் குழந்தைகள். அமெரிக்காவின் உச்ச ராணுவ அதிகாரி முதலில் அதை நியாயமான தாக்குதல் என்றே சொன்னார். பத்திரிகையாளர்கள் தோண்டித் துருவிய பிறகு செப்டம்பர் 17 அன்று தவறு என்று ஒப்புக்கொண்டார்கள். டிசம்பரில், யாருக்கும் தண்டனை இல்லை என்று முடித்தார்கள்.

எட்டு மணி நேரம் பார்த்தும் இப்படி என்பதைக் கவனியுங்கள். ஐ.எஸ். அமைப்பு அதற்கு மூன்று நாள் முன்புதான் காபூல் விமான நிலையத்தில் குண்டு வைத்திருந்தது, இன்னொன்று வரும் என்று எல்லோரும் பதறிக்கொண்டிருந்தார்கள். பயந்த கண்ணுக்குக் கேனும் குண்டாகத்தான் தெரியும், கேமரா எவ்வளவு நல்ல கேமராவாக இருந்தாலும்.

நம் கண்டத்தில் 2023 டிசம்பர் 3 அன்று நைஜீரியாவின் கதுனா மாநிலத்தில் துதுன் பிரி என்ற கிராமத்தில், நபிகள் பிறந்தநாள் கொண்டாடக் கூடியிருந்தவர்கள் மீது அந்த நாட்டு ராணுவத்தின் டிரோனே குண்டு போட்டது. குறைந்தது 85 பேர் இறந்தார்கள். கூட்டத்தைப் பார்த்து ஆயுதக் கும்பல் என்று நினைத்துவிட்டார்கள்.

"சிக்னேச்சர் ஸ்ட்ரைக்" என்று வருகிறதே, கையெழுத்துக்கும் குண்டுக்கும் என்ன சம்பந்தம்?

கையெழுத்து இல்லை, நடத்தையின் அடையாளம். பெயர் தெரியாத ஆட்களை, அவர்கள் நடமாடும் விதத்தை மட்டும் வைத்து அடிப்பது: ஆயுதத்தோடு போனார்கள், சந்தேகப்பட்ட வீட்டுக்கு வந்தார்கள், கூட்டமாக உட்கார்ந்தார்கள். பாகிஸ்தானின் பழங்குடிப் பகுதியில் துப்பாக்கி இல்லாத ஆண்பிள்ளையைத் தேடித்தான் பிடிக்க வேண்டும் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

2011 மார்ச் 17 அன்று வடக்கு வசீரிஸ்தானில் தத்தா கேல் என்ற இடத்தில் ஒரு குரோமைட் சுரங்கத் தகராறைத் தீர்க்கப் பஞ்சாயத்து கூடியது. ஊர்ப் பெரியவர்கள் பகிரங்கமாக உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார்கள். டிரோன் அடித்ததில் நாற்பது பேருக்கு அருகில் செத்தார்கள். என்னைக் கேட்டால் இந்த வகைத் தாக்குதலுக்கு எந்த நியாயமும் இல்லை. யாரென்றே தெரியாத ஒருவர் குற்றவாளி என்பதற்கு அவருடைய சாவையே சாட்சியாக்குகிற வேலை இது.

மொத்தம் எத்தனை பேர் செத்திருப்பார்கள்? சுற்றி வளைக்காமல் ஒரே எண் சொல்லுங்கள்.

ஒரே எண் இல்லை, அதுதான் இந்த விஷயத்தின் மையமே. 2016 ஜூலையில் ஒபாமா அரசு ஒரு கணக்கு வெளியிட்டது: 2009 ஜனவரி முதல் 2015 முடிவு வரை, ஆப்கானிஸ்தான், ஈராக், சிரியா போன்ற போர்க்களங்களைத் தவிர்த்து, 473 தாக்குதல்கள். செத்த போராளிகள் 2,372 முதல் 2,581 வரை. பொதுமக்கள் 64 முதல் 116 வரை. லண்டனில் இதைத் தொடர்ந்து எண்ணிவந்த புலனாய்வுப் பத்திரிகையாளர் அமைப்பு அதே காலத்துக்குச் சொன்னது 380 முதல் 801 பொதுமக்கள்.

இவ்வளவு இடைவெளி எப்படி வருகிறது? ஒரு காரணம் எண்ணும் முறை. தாக்குதல் நடந்த இடத்தில் இருந்த, சண்டை வயதுள்ள ஆண்கள் எல்லோரையும், அப்பாவி என்று பின்னால் நிரூபணமானால் தவிர, போராளிக் கணக்கில் எழுதினார்கள் என்று 2012ல் செய்தி வந்தது. செத்தவனுக்காக யார் போய் நிரூபிப்பது? அடித்த அரசு தரையில் ஆள் அனுப்பி விசாரிப்பதும் அபூர்வம். பத்திரிகையாளர்களோ உள்ளூர் மருத்துவமனை, குடும்பங்கள், செய்திகள் என்று சேர்த்துப் பார்த்தார்கள், அதிலும் தவறுகள் இருக்கலாம். ஆனால் யார் எப்படி எண்ணினார்கள் என்று நீங்கள் சரிபார்க்க முடிவது இரண்டாவது கணக்கில்தான். போர்க்களத்துக்கு வெளியே ஆண்டுதோறும் கணக்குச் சொல்ல வேண்டும் என்று ஒபாமா போட்ட ஆணையின் பகுதியை 2019 மார்ச்சில் டிரம்ப் ரத்து செய்துவிட்டார்.

ஒரு பயங்கரவாதியை அடிக்கும்போது பக்கத்தில் இரண்டு பேர் செத்தால் அது போர்க்குற்றமா?

தானாகவே ஆகிவிடாது, இது பலருக்கு அதிர்ச்சி. 1949ன் ஜெனீவா ஒப்பந்தங்களோடு 1977ல் சேர்ந்த முதல் கூடுதல் நெறிமுறைதான் இங்கே முக்கியம், தென்னாப்பிரிக்கா அதில் 1995ல் சேர்ந்தது. மூன்று விஷயம் கேட்கிறது. போராளியையும் பொதுமக்களையும் பிரித்துப் பார்த்தாயா? எதிர்பார்க்கும் ராணுவ லாபத்தைவிட மிதமிஞ்சிய பொதுமக்கள் இழப்பு வரும் என்று தெரிந்தும் அடித்தாயா? இழப்பைக் குறைக்க முடிந்ததையெல்லாம் செய்தாயா? அடிப்பதற்கு முன் தளபதிக்கு என்ன தெரிந்தது என்பதை வைத்துத்தான் தீர்ப்பு, பின்னால் தெரியவந்ததை வைத்து இல்லை.

ஆனால் இது போருக்கான சட்டம். போர் நடக்காத இடத்தில் போலீஸுக்கு உள்ள விதிதான் செல்லும்: உடனடியாக ஓர் உயிருக்கு ஆபத்து, வேறு வழியே இல்லை என்றால் மட்டும் கொல்லலாம். டர்பன் டவுனில் ஒரு கொலைகாரன் ஓட்டலில் சாப்பிடுகிறான் என்று போலீஸ் ஓட்டலையே தகர்த்தால் ஒத்துக்கொள்வீர்களா? "உலகம் முழுதும் எங்களுக்குப் போர்க்களம்" என்று அமெரிக்கா சொல்வதை மற்ற நாடுகள் பலவும் ஐ.நா. நிபுணர்களும் ஏற்காததற்குக் காரணம் இதுதான். சண்டையே எந்தச் சட்டம் என்பதில்தான்.

இன்னொருத்தர் நாட்டுக்குள் போய் அடிக்க யார் அனுமதி கொடுத்தது?

இங்கே இரண்டு வழி சொல்லலாம்: அந்த நாட்டின் சம்மதம், அல்லது ஐ.நா. சாசனத்தின் 51ஆவது பிரிவு சொல்லும் தற்காப்பு. சம்மதம் பல இடங்களில் திருட்டுத்தனமாக வந்தது. பாகிஸ்தான் அரசு வெளியே கண்டித்துக்கொண்டே இருந்தது, ஆனால் சில தாக்குதல்களுக்குத் தான் ஒப்புக்கொண்டதாக முன்னாள் ஜனாதிபதி முஷாரஃப் 2013ல் பேட்டியிலேயே சொன்னார். அதே ஆண்டு மே மாதம் பெஷாவர் உயர் நீதிமன்றம் இந்தத் தாக்குதல்கள் சட்டவிரோதம் என்று தீர்ப்பளித்தது. தன் மக்களிடம் மறைத்துக் கொடுத்த சம்மதம் சட்டப்படி செல்லலாம், எனக்கு அதில் மரியாதை இல்லை.

நவி பிள்ளை நம்ம ஊர்க்காரம்மாதானே, அவங்க இதைப் பற்றி ஒன்றும் பேசவில்லையா?

பேசினார். டர்பனில் பேருந்து ஓட்டுநர் ஒருவரின் மகளாகப் பிறந்த தமிழ் வம்சாவளிப் பெண், 2008 முதல் 2014 வரை ஐ.நா. மனித உரிமை ஆணையர். 2012 ஜூனில் இஸ்லாமாபாத் போயிருந்தபோது, டிரோன் தாக்குதல்கள் சர்வதேசச் சட்டத்துக்கு உட்பட்டவையா என்பதில் கடுமையான சந்தேகம் இருப்பதாகவும், பாகுபாடில்லாமல் கொல்வது மனித உரிமை மீறல் என்றும், பொதுமக்கள் சாவுகளை விசாரிக்க வேண்டும் என்றும் பகிரங்கமாகச் சொன்னார். ஹெய்ன்ஸ் பற்றி மேலே சொல்லியிருக்கிறேன். இந்த விவாதத்தில் தென்னாப்பிரிக்கக் குரல்கள் இவ்வளவு வருவது தற்செயல் என்று நான் நினைக்கவில்லை, அடுத்த கேள்வியைப் பாருங்கள்.

பயங்கரவாதிக்கு என்ன மனித உரிமை? நம்மைக் கொல்லும்போது அவன் யோசித்தானா?

இதைக் கேட்டவர் எழுபது தாண்டிய ஒரு தாத்தா. அவரிடம் திருப்பிக் கேட்டேன், இந்த நாட்டில் நிறவெறி ஆட்சி 1967ல் கொண்டுவந்த பயங்கரவாதச் சட்டம் யார் யாரையெல்லாம் உள்ளே தள்ளியது என்று. சிரித்துவிட்டார். மண்டேலா பெயரை அமெரிக்கா தன் பயங்கரவாதக் கண்காணிப்புப் பட்டியலிலிருந்து எடுத்தது 2008ல்தான், அவர் ஜனாதிபதியாக இருந்து இறங்கி ஒன்பது வருஷம் கழித்து.

எல்லை தாண்டி அடிப்பதும் நமக்குப் பழைய கதை. 1982 டிசம்பர் 9 அன்று தென்னாப்பிரிக்கப் படை லெசோத்தோவின் மசேருவுக்குள் புகுந்து 42 பேரைக் கொன்றது, அதில் 12 பேர் அந்த நாட்டுக் குடிமக்கள். 1983 மே 20 அன்று பிரிட்டோரியா சர்ச் தெருவில், நிறவெறி ஆட்சியை எதிர்த்த ஏ.என்.சி. இயக்கம் வைத்த கார் குண்டில் 19 பேர் இறந்தார்கள். மூன்றே நாளில் விமானப்படை மொசாம்பிக்கின் மட்டோலாவில் குண்டு போட்டது. பயங்கரவாதிகளின் தளங்களை அழித்தோம் என்று அறிவிப்பு. செத்தவர்களில் ஜாம் தொழிற்சாலைத் தொழிலாளர்கள் இருந்தார்கள். அன்று கையில் டிரோன் இருந்திருந்தால் விமானிகளை அனுப்பியிருப்பார்களா?

நான் சொல்வது குற்றவாளிக்குத் தண்டனை வேண்டாம் என்று இல்லை. ஒருவர் பயங்கரவாதியா என்பதை அடிக்கிறவரே, மூடிய அறையில், யாரும் கேட்க முடியாதபடி முடிவு செய்தால் பட்டியல் வளர்ந்துகொண்டே போகும். 2025 செப்டம்பரில் அமெரிக்கா கரீபியன் கடலில் போதைப்பொருள் படகுகள் என்று சொல்லி வானிலிருந்து அடிக்கத் தொடங்கியபோது, அதில் இருந்தவர்களையும் பயங்கரவாதிகள் என்றே அழைத்தது. முதல் படகிலேயே பதினொரு பேர்.

அப்படியென்றால் அல்-கொய்தாவும் ஏ.என்.சி.யும் ஒன்றா உங்களுக்கு?

இல்லை. ஒன்று வாக்குரிமைக்காகப் போராடியது, இன்னொன்று பொதுமக்களைக் கொல்வதையே முறையாக வைத்திருந்தது. ஆனால் பொதுமக்கள் செத்த குண்டுவெடிப்புகளுக்காக, நிறவெறிக் காலக் குற்றங்களை விசாரித்த உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையம் 1998 அறிக்கையில் ஏ.என்.சி.யையும் பொறுப்பாக்கியது. காரணம் நல்லதாக இருந்தும் விடவில்லை. அதே அளவுகோலை டிரோன் அனுப்புகிற அரசுகளுக்கும் வையுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

ஜனங்கள் நடுவில் போய் ஒளிந்துகொள்கிறார்களே, அப்போது சாவுக்கு யார் பொறுப்பு?

ஒளிகிறவனும் குற்றவாளி. மக்களைக் கேடயமாக வைப்பது போர்க்குற்றம், இதில் மழுப்ப ஒன்றுமில்லை. ஆனால் அவன் குற்றம் செய்தான் என்பதால் அடிக்கிறவனின் கடமை கழிந்துவிடாது, மேலே சொன்ன 1977 நெறிமுறையே இதை வெளிப்படையாகச் சொல்கிறது. கேடயமாக நிற்கவைக்கப்பட்டவர் பொதுமக்களில் ஒருவர்தான், அவரைக் கணக்கில் எடுத்தே ஆக வேண்டும்.

தமிழர்களுக்கு இதை விளக்க 2009 போதும். வன்னியில் மக்கள் தலைக்கு மேல் வேவு விமானம் சுற்றிக்கொண்டே இருந்தது, "வண்டு" என்பார்கள். அதில் ஆயுதம் இல்லை, அது பார்த்துச் சொல்லும், ஷெல் பிறகு வரும். அரசு பொதுமக்கள் இழப்பே இல்லை என்பதுதான் தன் கொள்கை என்றது. 2011ல் ஐ.நா. பொதுச்செயலாளர் நியமித்த மூவர் குழு, தன் சொந்த உளவு அமைப்புகள் வழியாகவே பாதிப்பு தெரிந்திருந்தும் அரசு ஷெல் அடித்தது என்று சொன்னது, 40,000 வரை பொதுமக்கள் இறந்திருக்கலாம் என்பதை ஒதுக்க முடியாது என்றது. புலிகள் மக்களை வெளியேற விடாமல் அரணாக வைத்தார்கள், தப்பி ஓடியவர்களைச் சுட்டார்கள் என்பதையும் அதே அறிக்கையில் எழுதியது. அந்த மூவரில் ஒருவர் யாஸ்மின் சூகா, நம் உண்மை ஆணையத்தில் இருந்தவர்.

துல்லியம் பற்றிய கேள்வியோடு இதைச் சேர்த்துப் படியுங்கள். காபூலில் பார்த்தும் புரியவில்லை. வன்னியில் பார்த்து, தெரிந்து, அதன் பிறகும் அடித்தார்கள். மேலே கண் இருப்பதால் கீழே இருப்பவர் காப்பாற்றப்படுவார் என்று எந்த உத்தரவாதமும் இல்லை.

கீழே இருக்கிறவர்கள் இந்தச் சத்தத்தோடு எப்படி வாழ்கிறார்கள்?

2013 அக்டோபரில் வடக்கு வசீரிஸ்தானிலிருந்து ஒரு குடும்பம் வாஷிங்டன் போய்க் காங்கிரஸ் உறுப்பினர்கள் முன் பேசியது. தோட்டத்தில் வேலை செய்துகொண்டிருந்த பாட்டியை டிரோன் கொன்றது, பேரப்பிள்ளைகள் காயத்தோடு தப்பினார்கள். பதின்மூன்று வயதுப் பேரன், தனக்கு இப்போது நீல வானம் பிடிப்பதில்லை, மேகம் மூடிய நாளில்தான் டிரோன் வராது என்றான். கேட்க வந்திருந்த உறுப்பினர்கள் ஐந்து பேர்.

முதல் ஏவுகணைக்குப் பிறகு தூக்க ஓடி வருபவர்கள் மீது இரண்டாவது விழுந்த சம்பவங்களும் பதிவாகியிருக்கின்றன. அதனால் அடிபட்டவரைத் தூக்கவே அக்கம்பக்கத்தார் பயந்தார்கள். சாவு எண்ணிக்கையில் வராத சேதம் இது.

ஓட்டுகிறவனுக்கு வீடியோ கேம் மாதிரிதானே?

எளிதாகச் சொல்லிவிடுகிறோம். 2013ல் அமெரிக்க ராணுவ மருத்துவ ஆய்வு ஒன்று, டிரோன் ஓட்டுபவர்களுக்கும் போர் விமானிகளுக்கும் மனநலப் பாதிப்பு ஏறக்குறைய ஒரே அளவில் இருப்பதாகச் சொன்னது. ஒருவர் தன் பிள்ளையோடு விளையாடுவதை நாட்கணக்கில் பார்த்துவிட்டு, அவரைக் கொன்று, மிச்சத்தையும் திரையில் பார்த்துவிட்டு, மாலை காரோட்டி வீட்டுக்குப் போக வேண்டும். எனக்கு அவர்மேல் கோபத்தைவிட, அவருக்குக் கட்டளை அனுப்பிய மேலிடத்தின்மேல்தான் கோபம்.

டிரோன் வேண்டாம் என்றால், கமாண்டோக்களை அனுப்பிப் பிடிக்க வேண்டியதுதானே?

சில சமயம் அதுவே நல்லது, உயிரோடு பிடித்தால் விசாரிக்கலாம். ஆனால் அதுவும் சுத்தமான வழி இல்லை. ப்ளூம்ஃபொன்டெய்ன் ஆசிரியர் ஒருவரை ஏமனில் அல்-கொய்தா பிணையாக வைத்திருந்தது. கிஃப்ட் ஆஃப் த கிவர்ஸ் என்ற நம் நாட்டு நிவாரண அமைப்பு பல மாதம் பேசிப் பேசி விடுதலைக்கு நாள் குறித்துவிட்டது. அதற்கு முந்தின நாள், 2014 டிசம்பர் 6 அன்று, பக்கத்தில் இருந்த அமெரிக்கப் பிணைக்கைதியை மீட்க அமெரிக்கக் கமாண்டோக்கள் இறங்கினார்கள், இரண்டு பேரும் செத்தார்கள்.

அடுத்த மாதமே பாகிஸ்தான் எல்லையில் டிரோன் அடித்த வீட்டுக்குள், அடித்தவர்களுக்கே தெரியாமல், ஓர் அமெரிக்கரும் ஓர் இத்தாலியரும் பிணைக்கைதிகளாக இருந்து இறந்தார்கள். ஏப்ரலில் ஒபாமா நேரில் வந்து மன்னிப்புக் கேட்டார், பெயர் சொல்லி. மேலே சொன்ன பாட்டிக்கு அப்படி யாரும் வரவில்லை. தாக்குதலில் செத்த பொதுமக்கள் குடும்பங்களுக்குக் கொடுக்க அமெரிக்கக் காங்கிரஸ் ஆண்டுக்கு 30 லட்சம் டாலர் வரை அனுமதித்திருக்கிறது, அதில் செலவானது சொற்பம்.

எப்படியிருந்தாலும் இதனால் பயங்கரவாதம் குறைகிறதா இல்லையா?

இரண்டு பக்கமும் ஆதாரம் இருக்கிறது. பின் லேடன் ஒளிந்திருந்த அப்போட்டாபாத் வீட்டில் கிடைத்த கடிதங்களில் பின் லேடனே தன் ஆட்களை வசீரிஸ்தானை விட்டு நகரச் சொல்கிறார், டிரோனுக்குப் பயந்து. 2022 ஜூலை 31 அன்று காபூலில் அல்-கொய்தா தலைவர் சவாஹிரியை அடித்தபோது வீட்டில் வேறு யாருக்கும் காயமில்லை என்று அமெரிக்கா சொன்னது. ஆகவே ஒன்றும் பயனில்லை என்று சொல்லமாட்டேன்.

மறுபக்கம், 2010ல் நியூயார்க் நகரின் டைம்ஸ் சதுக்கத்தில் கார் குண்டு வைக்க முயன்றவர் நீதிமன்றத்தில் டிரோன் தாக்குதல்களையும் காரணமாகச் சொன்னார். நமக்கு அவ்வளவு தூரம் போக வேண்டாம். 1985 டிசம்பர் 20 அன்று மசேருவில் மறுபடி ஒரு தாக்குதல், ஒன்பது பேர் சாவு. 23 அன்று, டர்பனுக்குத் தெற்கே அமன்சிம்டோட்டியில், கிறிஸ்துமஸ் சாமான் வாங்கும் கூட்டத்தில் குண்டு வெடித்து ஐந்து பேர் செத்தார்கள், குழந்தைகள் உட்பட. வைத்த இளைஞனுக்கு வயது பத்தொன்பது. மசேருவுக்குப் பதில் என்று அவன் சொன்னான். அடுத்த வருஷம் தூக்கிலிட்டார்கள். அவன் செய்தது நியாயம் இல்லை. ஆனால் எல்லை தாண்டிக் கொன்றவர்கள் அந்த மூன்று நாளைத் தங்கள் கணக்கில் எழுதியிருப்பார்களா?

நம் நாடு இதில் சுத்தமா? நாமும் டிரோன் செய்கிறோமாமே?

செய்கிறோம். டெனல் நிறுவனத்தின் சீக்கர் பழையது, ஆயுதம் தாங்கும் மில்கோர் 380 புதியது. யாருக்கு விற்கலாம் என்பதை 2002ன் ஆயுதக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி அமைச்சர்கள் குழு ஒன்று முடிவு செய்கிறது, வாங்குகிற நாட்டின் மனித உரிமை நிலையையும் பார்க்க வேண்டும் என்பது சட்டத்திலேயே இருக்கிறது. விற்றது எங்கே போயிற்று என்று நேரில் வந்து சோதிப்போம் என்ற விதியால் 2019ல் சவூதியும் எமிரேட்ஸும் முறைத்துக்கொண்டன, வியாபாரமும் தேங்கியது. அந்தக் குழு நாடாளுமன்றத்துக்கு அறிக்கை கொடுக்கக் கடமைப்பட்டது, நம் தொகுதி ஆட்களிடம் அதைப் பற்றிக் கேட்டவர் ஒருவரைக்கூட நான் பார்த்ததில்லை.

மொசாம்பிக்கின் காபோ டெல்காடோவில் ஒரு தென்னாப்பிரிக்கத் தனியார் படை நிறுவனம் ஹெலிகாப்டரிலிருந்து பொதுமக்களைப் பிரித்துப் பார்க்காமல் சுட்டதாக 2021ல் மனித உரிமை அமைப்பு குற்றம் சாட்டியது, நிறுவனம் மறுத்தது. ஹேக் நீதிமன்றத்தில் காசாவுக்காக வழக்குப் போட்ட நாடு என்ற பெருமை இருக்கட்டும், எனக்கும் இருக்கிறது, ஆனால் வீட்டுக் கணக்கையும் பார்க்க வேண்டும்.

இனிமேல் கம்ப்யூட்டரே யாரைக் கொல்வது என்று முடிவு செய்யுமாமே?

அந்தத் திசையில்தான் போகிறது. மனிதர் முடிவெடுக்காமல் கொல்லும் இயந்திரங்களை ஒத்திவைக்க வேண்டும் என்று ஹெய்ன்ஸ் 2013லேயே ஐ.நா. மனித உரிமைக் கவுன்சிலிடம் கேட்டார். 2023 டிசம்பரில் ஐ.நா. பொதுச்சபையில் 152 நாடுகள் இதைப் பற்றிக் கவலை தெரிவிக்கும் தீர்மானத்துக்கு வாக்களித்தன, தடை ஒப்பந்தம் இன்னும் இல்லை. மனிதர் தவறினால் "நீ ஏன் செய்தாய்" என்று ஒருவரையாவது கூண்டில் நிறுத்தலாம். காபூலில் அதையும் செய்யவில்லை என்பது வேறு விஷயம்.

கடைசியாகக் கேட்கிறேன்: ஒருத்தன் நூறு பேரைக் கொல்லப்போகிறான், பக்கத்தில் ஒரு குழந்தை. பொத்தானை அழுத்துவீர்களா மாட்டீர்களா?

இந்தக் கேள்வி எப்போதும் கல்லூரிப் பிள்ளைகளிடமிருந்துதான் வரும். கேள்விக்குள்ளேயே எல்லாம் தெரிந்துவிட்டதாக வைத்துக்கொள்கிறீர்கள்: அவன்தான் அவன், குண்டு நிஜக் குண்டு, நூறு நிஜ நூறு, வேறு வழி இல்லை. காபூலிலும் அப்படித்தான் நம்பினார்கள்.

சரி, எல்லாம் நிஜம் என்றே வைப்போம், குழந்தையை விலக்க ஒரு நிமிஷம்கூட இல்லை. அழுத்தலாம் என்றுதான் நினைக்கிறேன், கை நடுங்கும். ஆனால் அழுத்திய பிறகு அந்தக் குழந்தையின் பெயரை அரசு வெளியிட வேண்டும், நான் என்ன பார்த்தேன் என்பதை ஒரு நீதிபதி முன்னால், அந்தத் தாய் கேட்கும்படி, சொல்ல வேண்டும். இங்கே 1971ல் போலீஸ் காவலில் இறந்த நிறவெறி எதிர்ப்பாளர் அகமது டிமோல் மாடியிலிருந்து குதித்தார் என்று சொன்ன பொய்யை 2017ல், 46 வருஷம் கழித்து, மறுவிசாரணை நீதிபதி உடைத்தார், தள்ளப்பட்டார் என்று எழுதினார். அப்படியொரு விசாரணைக்குச் சம்மதம் என்று முன்கூட்டியே எழுதிக் கொடுக்கிற அரசு இருந்தால் சொல்லுங்கள், இந்தப் பதிலை அப்போது விரிவாக எழுதுகிறேன். விசாரணை முடியாது, ரகசியம் என்றால், அழுத்தமாட்டேன்.